இராவணன் மீசை

தமிழகம், இலங்கை முதல் தென்கிழக்கு ஆசியா வரையுள்ள கடற்கரை மணல்மேடுகளில் தானாக வளரும் பல்லாண்டுப் புல். தாவரவியல் பெயர் ஸ்பினிஃபெக்ஸ் லிட்டோரியஸ். பல மீட்டர் ஊர்ந்தோடும் தடித்த தண்டுகள் கணுதோறும் வேர்விட்டு மணலைப் பிணைக்கின்றன. மணல் மூடினாலும் புதுத் தளிர் மேலெழும். சாம்பல் பூத்த இலைகள் உட்புறமாகச் சுருண்டு, விறைத்து, ஊசிமுனையில் முடிகின்றன. இம்முள்தன்மை மேய்ச்சலைத் தடுப்பதற்கே என்று கருத இடமுண்டு. கால்நடைகள் இதை ஒதுக்குவது உண்மைதான். ஆனால் அது ஒன்றே பயன் என்றால் இலை சுருள வேண்டியதில்லை. சுருண்ட இலை, வெயிலுக்கும் உப்புக்காற்றுக்கும் காட்டும் பரப்பைச் சுருக்கி நீரிழப்பைக் குறைக்கிறது.

முள்தன்மை மேய்ச்சலைத் தடுக்க மட்டுமல்ல என்பதைப் பூங்கொத்தும் உறுதிப்படுத்துகிறது. ஆண், பெண் பூக்கள் தனித்தனிச் செடிகளில் தோன்றும். பெண் கொத்து, எல்லாப் பக்கமும் நீண்ட முட்கள் நீட்டிய பெரிய உருண்டை. முதிர்ந்ததும் முறிந்து, காற்றில் சக்கரம்போல் உருண்டோடி விதை பரப்பும். மகரந்தம் மட்டும் தரும் ஆண் கொத்தில் இத்தகைய நீள்முள் உருண்டை அமைவதில்லை. முள் வெறும் காவலுக்கே என்றால் இந்த வேறுபாடு விளங்காது. எனவே இப்புல்லின் உருவத்தை வடித்ததில் மேயும் விலங்கைவிட மணலுக்கும் காற்றுக்குமே பெரும்பங்கு எனக் கொள்வது பொருந்தும்.