முத்திரையிட்ட மடல்

இராயபுரத்துக் கடற்கரையில் நின்று கிழக்கே நோக்குவோர்க்குக் கப்பல்கள் புலனாகும். கடலடியிற் சென்ற செய்திகள் புலனாகா. 1871ஆம் ஆண்டில் கடலடித் தந்திக் கம்பியொன்று சென்னையைப் பினாங்குடனும் சிங்கப்பூருடனும் இணைத்தது. வணிகர் அதன் வழியே சரக்கின் விலையை அறிவித்தனர். பின்னாளில் நோயின் கணக்கும் தந்தியேறியது.

கொள்ளைநோய் கப்பலேறி ஊர்விட்டு ஊர் செல்லும். அதனை முந்திச் செல்லச் செய்தி வேண்டும். ஆகவே, 1925இல் சர்வதேச சங்கம் சிங்கப்பூரில் கொள்ளைநோய்ச் செய்தி நிலையமொன்றை நிறுவியது. சென்னை முதலிய துறைமுகங்களில் பிளேக், காலரா, பெரியம்மை கண்டோர் தொகை வாரந்தோறும் அங்குச் சென்றது. தொகுத்த செய்தி கம்பியில்லாத் தந்தி வழியே எங்கும் பரவியது. தந்திக்குச் சொற்கணக்கில் கட்டணம். ஆதலின் நீண்ட வாக்கியங்களைச் சில குறிச்சொற்களில் அடக்கினர். அக்குறி சிக்கனத்திற்காக ஏற்பட்டது, மறைவிற்காக அன்று. ஏனெனில், அத்தந்தியில் எண் இருந்தது. எவர் பெயரும் இல்லை.

பெயர் சேர்ந்தால் என்னாகும்? யான் திருவொற்றியூரில் ஆசிரியனாய் இருந்த தொடக்கக் காலத்தில், என் மாணவன் ஒருவனின் தந்தைக்குக் காசநோய் என்னும் ஆய்வு முடிவு திறந்த அஞ்சலட்டையில் வந்தது. அவர் படிக்குமுன் தெருவே படித்துவிட்டது. வீட்டுக்காரர் வீட்டைக் காலி செய்யச் சொன்னார். சிறுவன் பள்ளியைவிட்டு நின்றான். நோய் மருந்தால் நீங்கியது, ஊர்ப்பேச்சு நீங்கவில்லை.

1782ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி வார்த்த மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்ததே நம் ஸ்டான்லி மருத்துவமனை. அந்நாளில் நோயாளியைப் பற்றிக் காப்பீட்டாளருக்குக் கணக்கு அனுப்ப வேண்டியதில்லை. இன்றோ காப்பீட்டின் காலம். தமிழ்நாட்டில் 2009இல் அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. இத்தகைய திட்டங்களில் நோயாளியின் பெயர், நோய், சிகிச்சை, செலவு ஆகியன மருத்துவமனையிலிருந்து காப்பீட்டாளருக்குச் செல்ல வேண்டும். அனுமதியும் பணமும் திரும்பிவர வேண்டும். ஒவ்வொரு மருத்துவமனையும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனிப்பாதை போடுவது இயலுமோ? ஆதலின் நடுவே ஓர் அஞ்சல்நிலையம் போன்ற பரிமாற்றகம் தேவைப்படுகின்றது. அமெரிக்கா 1996இல் இத்தகைய பரிமாற்றத்திற்குப் பொதுவடிவம் வேண்டிச் சட்டம் இயற்றியது. நம் நாட்டின் தேசிய நல ஆணையமும் காப்பீட்டுக் கோரிக்கைகளுக்கெனப் பரிமாற்றகம் ஒன்றை வகுத்துள்ளது.

நடுவில் இருப்பவர் மடலைப் படிக்கலாமோ? படிக்கலாகாது, படிக்கவும் இயலாது. அதற்கான வழியின் கருத்தை 1976இல் டிஃபி, ஹெல்மன் என்னும் இரு அறிஞர் வெளியிட்டனர். பெறுநர் தம் பூட்டை எல்லார்க்கும் வழங்கிவிடுகிறார். திறவுகோலைத் தம்மிடமே வைத்துக்கொள்கிறார். அனுப்புநர் ஒருமுறைக்கே உரிய சாவியொன்றால் மடலைப் பூட்டி, அச்சாவியைப் பெறுநரின் பூட்டுக்குள் வைத்து அனுப்புகிறார். உறையின்மேல் அனுப்புநர் குறி, பெறுநர் குறி, மடலின் எண் போன்றவையே தெரியும். எண்ணூர்த் துறைமுகத்தில் சரக்குப்பெட்டியை இறக்குவோர் பெட்டியின் எண்ணைப் பார்த்து உரிய இடத்தில் சேர்ப்பர். உள்ளே இருப்பது பட்டா, பருத்தியா என்று திறந்து பாரார். அதுபோலவே இதுவும். வழி தவறிப் பிறர் கையை அடையினும் அவரால் மடலைத் திறக்க முடியாது.

எனினும் ஒன்று கூறுவேன். பூட்டு வழியைக் காக்கும். வழி முடியுமிடத்தைக் காவாது. மேசைமேல் மடல் திறந்தபின் அதனைக் காப்பது அங்கு அமர்ந்திருப்பவரின் நாணயமே. அஞ்சலட்டையைப் படித்த தெருவினர் கொடியவர் அல்லர்; தமக்கு உரியதன்று என்று கண்ணைத் திருப்பிக்கொள்ளாதவர், அவ்வளவே. அவர்கள் கண்ணைத் திருப்பியிருப்பின், ஒரு சிறுவன் என் வகுப்பில் தொடர்ந்து படித்திருப்பான்.