சதுர அடி: ஒரு சொல்லாடலின் வரலாறு

சங்கப் பிரதிகளில் 'மனை' என்பது வீடு. 'மனைவி' பிறந்ததும் அங்கிருந்துதான். இன்றைய நாளிதழில் 'மனை விற்பனைக்கு' என்றால் அது வெறும் நிலம். வீட்டைக் குறித்த சொல், வீடே இல்லாத காலியிடத்தைக் குறிக்கிற மாதிரி ஆகிப்போச்சு. இதைச் சாதாரணப் பொருள் மாற்றம் என்று தமிழாசிரியர்கள் கடந்துவிடலாம். அவர்களிடம் படித்த என்னால் முடியவில்லை. இரண்டு படுக்கையறை, ஒரு ஹால், ஒரு கிச்சன் என்று விற்கப்படும் சென்னையின் சிறிய அடுக்குமாடி வீட்டின் வரலாறு இந்தப் பொருள் மாற்றத்துக்குள்தான் கிடக்கிறது.

சிறிய வீடு என்பது புதிய சிந்தனை அல்ல. 1929இல் பிராங்க்பர்ட்டில் கூடிய நவீனக் கட்டடக் கலைஞர்களின் மாநாடு, ஒரு மனித உயிர் வாழக் குறைந்தபட்சம் எவ்வளவு இடம் வேண்டும் என்று விவாதித்தது. அதற்கு மூன்றாண்டு முன்பே, அந்த நகரத்தின் குடியிருப்புத் திட்டத்துக்காக மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி ஒரு சமையலறையை வரைந்திருந்தார். அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். ரயிலின் உணவுப் பெட்டியில் சமையல் நடக்கும் விதத்தைப் பார்த்து, சமைப்பவரின் ஒவ்வொரு அடியையும் கணக்கிட்டுப் போட்ட வரைபடம் அது. பெண்ணை ஒற்றை ஆள் நிற்கும் அறைக்குள் அது தனிமைப்படுத்தியது என்று பிற்காலப் பெண்ணியவாதிகள் விமர்சித்தார்கள். விமர்சனம் நியாயமானது. ஆனாலும் அங்கே கேள்வி, வாழ்கிற உடலைப் பற்றியதாக இருந்தது.

சென்னையில் கேட்கப்பட்ட கேள்வி வேறு. 1961இல் வந்த தமிழ்நாடு வீட்டு வசதி வாரியமும், 1970இல் வந்த குடிசை மாற்று வாரியமும் அரசே வீடு கட்டித் தரும் காலத்தின் அடையாளங்கள். 1977இல் எச்.டி.எப்.சி. தொடங்கப்பட்டது. மாதச் சம்பளக்காரர் நீண்ட காலக் கடனில் வீடு வாங்கும் பாதை மெல்ல மெல்ல அகலமானது. அதன் பிறகு கணக்கு தலைகீழாக ஓட ஆரம்பித்தது. இவரால் மாதம் எவ்வளவு தவணை கட்ட முடியும்? அதிலிருந்து கடன், கடனிலிருந்து விலை, விலையைச் சதுர அடி விகிதத்தால் வகுத்தால் வீட்டின் பரப்பு. இத்தனையும் முடிந்த பிறகுதான் வரைபடம். வடிவமைப்பு என்று நாம் சொல்லிக்கொள்வது இந்த வகுத்தலுக்கு வந்த விடையை அறைகளாகப் பிரிக்கிற வேலைதான்.

ஒவ்வொரு அடிக்கும் விலை என்றானதும், நடப்பதற்கு மட்டுமேயான இடம் வீண் செலவாகிவிடுகிறது. ரேழி போச்சு. ஹாலே நடைபாதையாயிற்று. நாலு அறைக் கதவும் அதில் திறப்பதால், சுவரோரம் ஒரு கட்டில் போட வழியில்லை. தேசியக் கட்டட விதித் தொகுப்பு, சாப்பிடத் தனி இடம் இருக்கும் வீட்டில் சமையலறைக்குக் குறைந்தபட்சம் 5 சதுர மீட்டர் என்கிறது. பிராங்க்பர்ட்டில் சிக்கனத்துக்காகப் போட்ட சமையலறையே ஏறத்தாழ 6.5 சதுர மீட்டர்! அம்மி, ஆட்டுக்கல் முன்னால் உட்கார்ந்து வேலை செய்த உடலை மேடை முன்னால் நிற்க வைத்ததும் இந்தக் கணக்குதான். நிற்கிற உடலுக்குத் தரை குறைவாகப் போதும்.

அளவுக்குள்ளேயே இன்னொரு அரசியல் இருக்கிறது. படிக்கட்டு, லிப்ட், பொது நடை எல்லாவற்றிலும் ஒரு பங்கைச் சேர்த்து 'சூப்பர் பில்ட்-அப்' என்று விற்றார்கள். 2016ஆம் ஆண்டின் மனை வணிகச் சட்டம்தான் 'கார்ப்பெட் ஏரியா'வுக்கு நாடு முழுவதற்கும் பொதுவான வரையறை தந்தது: வெளிச்சுவர், பால்கனி நீங்கலாக, உட்சுவர்கள் சேர்த்து, பயன்படுத்தக்கூடிய தரை. கால் வைக்கிற இடம் எவ்வளவு என்று சொல்ல ஒரு சட்டம் தேவைப்பட்டிருக்கிறது.

பத்திரத்தின் மொழியைப் பாருங்கள். தமிழ்நாட்டில் வாங்குபவருக்குக் கிரயமானது பெரும்பாலும் நிலத்தில் ஒரு 'பிரிபடாத பாகம்' மட்டுமே. வீட்டுக்குத் தனியாக ஒரு கட்டுமான ஒப்பந்தம். 2023 டிசம்பரில் நிலத்தையும் கட்டடத்தையும் சேர்த்தே மதிப்பிட்டுப் பதியும் முறை வரும்வரை இதுதான் நடைமுறை. பிரிபடாத பாகம் என்பது கூட்டுக் குடும்பச் சொத்தின் சொல்லாடல். அண்ணன் தம்பிகளைப் பிணைத்த சொல். இன்று அது, லிப்டில் முகம் பார்த்துக்கொள்ளாத நாற்பது குடும்பங்களைப் பிணைக்கிறது. சொத்து மட்டும் கூட்டு, குடும்பம் இல்லை.

உடனே திண்ணைக்காகக் கண்ணீர் விடும் கட்டுரை இது என்று நினைத்துவிட வேண்டாம். யார் திண்ணையில் உட்கார்ந்தார்கள், யார் தெருவில் நின்றே பேசிவிட்டுப் போனார்கள், யாருக்குக் கொல்லைப்புற வழி மட்டும் என்று கேட்காத ஏக்கம் எனக்கு வேண்டாம். கட்டு கட்டாகப் பிரிந்த பழைய வீடு சாதியையும் தீட்டையும் சுவராகவே எழுப்பி வைத்திருந்தது. சிறிய வீடு அந்தச் சுவர்களில் பலவற்றை இடித்தது; மூன்று நாள் ஒதுங்கி உட்காரத் தனி இடம் இல்லாமல் போனது நல்லதுதானே? ஆனால் அது விடுதலை பற்றிய யோசனையால் நடக்கவில்லை, இடப் பற்றாக்குறையால் நடந்தது. ஆகவேதான் இடித்ததெல்லாம் வேறு உருவில் திரும்பி வருகிறது: வீட்டு வேலைக்கு வருபவருக்குக் கீழ்த்தளத்தில் தனிக் கழிப்பறை, 'சைவம் மட்டும்' என்ற நிபந்தனை.

வகுத்தல் கணக்கில் சம்பளம் வாங்கும் உடலுக்கு இடம் உண்டு. நோயில் கிடக்கும் உடலுக்கும் சாகும் உடலுக்கும் கிடையாது. லிப்டுக்குள் ஸ்ட்ரெச்சர் நுழையாது. மூன்றாம் மாடியில் ஒருவர் இறந்தால், பல அடுக்ககங்களில் உடலைக் கீழே கொண்டுவந்து கார்களை நகர்த்திவிட்டுக் கிடத்துகிறார்கள். 2010இல் மும்பை வழக்கொன்றில், தூண்கள் மேல் நிற்கும் அந்தக் கார் நிறுத்துமிடம் எல்லோருக்கும் பொது, அதைத் தனியே விற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஊர் கூடி உட்கார்ந்து அழுவதற்கு இந்த வீட்டில் மிஞ்சியிருப்பது அந்த ஒரு இடம்தான்.