பெயர் இல்லையேல் உரிமை இல்லை: இசைப் பதிவுகளின் பங்களிப்பாளர் பட்டியலும் தலித் கலைஞர்களும்

ஓர் இசைத் தொகுப்பின் அட்டையிலோ காணொளியின் அடிக்குறிப்பிலோ இடம்பெறும் பெயர்களைப் பலரும் நன்றி அறிவிப்பாகவே கருதுகின்றனர். சட்டம் அவற்றைச் சான்றாகக் கருதுகிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 55(2)இன்படி, வெளியான படைப்பின் படிகளில் ஆசிரியர் என்று யாருடைய பெயர் காணப்படுகிறதோ, மாறாக மெய்ப்பிக்கப்படும் வரை அவரையே ஆசிரியர் என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும். பிரிவு 39ஏ, இவ்விதியை ஏற்ற மாற்றங்களுடன் பாடுவோர், வாசிப்போர் உரிமைக்கும் நீட்டிக்கிறது. பட்டியலில் பெயர் உள்ளவர் எதையும் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. பெயர் இல்லாதவர்தான் சாட்சிகளையும் ஆவணங்களையும் தேடி அலைய வேண்டும்.

காரைக்காலிலும் அதனைச் சூழ்ந்த காவிரிக் கழிமுகப் பகுதியிலும் தப்பு அடிப்போர், ஒப்பாரி பாடுவோர், இயக்க மேடைகளில் பாடுவோர் ஆகியோரின் இசை இன்று கைப்பேசிகளில் பதிவாகி, யூடியூபிலும் திரைப்படங்களிலும் வருவாய் ஈட்டுகிறது. ஆகவே அப்பட்டியலின் அமைப்பையும் வரலாற்றையும், சட்டத்தில் அதற்குள்ள இடத்தையும் இங்கே தொகுத்துரைக்கிறோம்.

பட்டியலின் இரு அடுக்குகள்

ஒரு பாடலில் சட்டம் இரண்டு அடுக்குகளைக் காண்கிறது. முதல் அடுக்கு படைப்பு: பாடல் வரிகள் இலக்கியப் படைப்பு, மெட்டு இசைப் படைப்பு. இரண்டாம் அடுக்கு பதிவு: பாடியவர், வாசித்தவர், ஒலிப்பதிவுப் பொறியாளர், ஒலிக்கலவை செய்தவர், பதிவு நடந்த இடம், நாள், தயாரிப்பாளர் ஆகிய விவரங்கள் இதில் அடங்கும். படைப்புக்கு ஐ.எஸ்.டபிள்யூ.சி. என்றும், பதிவுக்கு 12 எழுத்தெண்கள் கொண்ட ஐ.எஸ்.ஆர்.சி. என்றும் பன்னாட்டுக் குறியீடுகள் உள்ளன. இணையத் தளங்களில் ஒரு பாடல் கேட்கப்படும்போது வருவாய் இந்தக் குறியீடுகளையும், அவற்றுடன் பதிவான பெயர்களையும் பின்பற்றியே பிரிக்கப்படுகிறது.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. ஒலிப்பதிவின் ‘ஆசிரியர்’ என்று சட்டம் சொல்வது பாடியவரை அன்று. பதிவை முன்முயற்சியும் பொறுப்பும் ஏற்று உருவாக்கிய தயாரிப்பாளரை. பாடியவரும் வாசித்தவரும் ‘நிகழ்த்துநர்’ என்ற தனி வகையினர். ஒலிப்பதிவின் பதிப்புரிமை வெளியீட்டிலிருந்து 60 ஆண்டுகளும், நிகழ்த்துநர் உரிமை நிகழ்த்தியதிலிருந்து 50 ஆண்டுகளும் நீடிக்கும்.

பெயர் பதித்தலின் வரலாறு

தன் பெயரைப் பாடலுக்குள்ளேயே பொதிந்துவைக்கும் மரபுக்குக் காரைக்காலே முன்னோடி. காரைக்கால் அம்மையார் தம் பதிகங்களின் இறுதிப் பாடலில் ‘காரைக்கால் பேய்’ என்று தம்மைக் குறித்துச் சென்றார். தேவாரத் திருக்கடைக்காப்பும், கருநாடக இசைக் கீர்த்தனைகளின் முத்திரையும் அதே பணியைச் செய்தன. 1902இல் கிராமபோன் நிறுவனத்துக்காகக் கல்கத்தாவில் பாடிய கௌஹர் ஜான், பதிவின் இறுதியில் தம் பெயரை உரக்கச் சொன்னார். ஜெர்மனியில் இசைத்தட்டு அச்சிடுவோர் யாருடைய பதிவு என்று அறிய அது உதவியது.

ஒப்பாரிக்கும் தப்பாட்டத்துக்கும் இத்தகைய முத்திரை இல்லை. ஒப்பாரியில் வருவது இறந்தவரின் பெயர், பாடுபவரின் பெயரன்று. தப்பின் அடிகள் குழுவாக, அந்த நேரத்துக்கு ஏற்ப உருவாகின்றன. எனவே அவை பதிவாகும்போது ‘நாட்டுப்புறப் பாடல்’, ‘மரபிசை’ என்னும் ஒற்றைச் சொல் அட்டையில் அமர்ந்துவிடுகிறது. தொகுத்தவருக்கும் இசைக்கோவை செய்தவருக்கும் பெயர் உண்டு. பாடியவருக்கு ஊர்ப்பெயர்கூடக் கிடைப்பதில்லை.

திரையிசையிலும் பெயர் எளிதாக வந்துவிடவில்லை. 1949இல் வெளியான ‘மஹல்’ இந்திப் படத்தின் புகழ்பெற்ற பாடலைப் பாடியவர் லதா மங்கேஷ்கர். இசைத்தட்டில் அச்சானதோ கதாபாத்திரத்தின் பெயரான ‘காமினி’. வானொலி நேயர்கள் கேட்ட பின்னரே பாடியவரின் பெயர் வெளிவந்தது. பின்னணிப் பாடகர்கள் அந்த இடத்தைக் கேட்டுப் பெற்றார்கள். வாத்தியக் கலைஞர்களில் பெரும்பாலோர் அதன்பின் நெடுங்காலம் ‘இசைக்குழு’ என்ற சொல்லுக்குள்ளேயே மறைந்திருந்தனர்.

எழுதாத இசைக்கு இடமில்லாத சட்டம்

1957ஆம் ஆண்டுச் சட்டம் இசைப் படைப்பை எவ்வாறு வரையறுத்தது என்பதை நம் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். அச்சிடப்பட்ட, எழுத்தில் வடிக்கப்பட்ட அல்லது வரைவுக் குறியீடுகளால் காட்டப்பட்ட மெல்லிசையோ ஒத்திசையோ மட்டுமே அன்று ‘இசைப் படைப்பு’. தாளம் அவ்வரையறையில் பெயரளவிலும் இல்லை. எழுத்து மறுக்கப்பட்ட சாதிகளின் இசையை, எழுதப்படவில்லை என்ற காரணத்தாலேயே சட்டம் வெளியே நிறுத்தியது. நிகழ்த்துநர் உரிமை என்ற ஒன்றும் அச்சட்டத்தில் அப்போது இல்லை.

1994ஆம் ஆண்டுத் திருத்தம் இவ்விரண்டையும் மாற்றியது. இசைப் படைப்பு எழுதப்பட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனை நீங்கியது. நிகழ்த்துநர் உரிமை பிரிவு 38 வழியாக வந்தது. அதாவது சுதந்திரம் பெற்று 47 ஆண்டுகள் வரை, தப்பு அடித்தவருக்குத் தம் அடியின் மீது இச்சட்டத்தின்கீழ் எந்த உரிமையும் இருக்கவில்லை.

காரைக்காலுக்கு இதில் இன்னொரு தொடர்பும் உண்டு. படைப்பாளியையும் அவர் பெயரையும் பிரிக்க முடியாது என்னும் ‘தார்மிக உரிமை’க் கோட்பாடு பிரெஞ்சுச் சட்ட மரபில் வளர்ந்தது. 1957 மார்ச் 11இல் பிரான்ஸ் அதனைச் சட்டமாக்கியது. அதே ஆண்டு ஜூனில் இந்தியா தன் சட்டத்தின் பிரிவு 57இல் ஆசிரியரின் சிறப்புரிமையாக அதனை ஏற்றது. அப்போது காரைக்காலின் நிர்வாகம் இந்தியாவிடம் வந்து இரண்டரை ஆண்டுகள் கடந்திருந்தன. சட்டப்படியான இணைப்புக்கோ 1962 ஆகஸ்ட் 16 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிரிவு 57இன் வலிமையை 2019இல் சென்னை உயர்நீதிமன்றம் இளையராஜாவின் வழக்கில் உறுதிசெய்தது. பதிப்புரிமை யார் கையில் இருப்பினும், இசையமைப்பாளரின் தார்மிக உரிமை அவரிடமே நிற்கும்.

வெவ்வேறு இசைவகைகள், ஒரே சிக்கல்

காரைக்காலுக்குத் தெற்கே ஒட்டியிருக்கும் நாகூரின் பெயரைத் தமிழுலகம் முழுதும் ஒலிக்கச் செய்தவர் இசைமுரசு நாகூர் ஹனீபா. அவர் குரலைக் கேட்டவுடன் அடையாளம் சொல்வோர், அப்பாடல்களை எழுதிய கவிஞர்களின் பெயரைக் கேட்டால் தயங்குகின்றனர். பாடகரின் புகழ் கவிஞரை மறைப்பது இசுலாமியப் பாடல்களுக்கு மட்டும் உரிய குறையன்று. ஒலிநாடாக் காலத்தின் பொதுக்குறை.

‘மனுசங்கடா’ பாடலுக்கும் இது நேர்ந்தது. 1968 டிசம்பர் 25 இரவில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட கீழ்வெண்மணி, இதே கழிமுக நிலத்தில் உள்ளது. வெண்மணி முதலான படுகொலைகளின் நினைவுக் கூட்டங்களில் ஒலிக்கும் அப்பாடலை எழுதியவர் கவிஞர் இன்குலாப். மேடைதோறும் பாடிப் பரப்பியவர், புதுவைப் பல்கலைக்கழகத்தில் நிகழ்கலை கற்பித்த கே.ஏ. குணசேகரன். இருவரும் 2016இல் மறைந்தனர். இன்றும் அப்பாடலை மேடையில் பாடும் குழுக்கள் பல, இருவர் பெயரையும் சொல்வதில்லை. இயக்கத்தின் பாடல் எல்லோருக்கும் உரியதாகலாம். அதை எழுதியவரையும் பாடியவரையும் சொல்லிவிட்டுப் பாடுவதால் அந்தப் பொதுமை குறைந்துவிடாது.

‘எஞ்சாய் எஞ்சாமி’ அண்மைக்காலப் பாடம். 2021 மார்ச்சில் வெளியான அப்பாடலின் தலைப்பு வரியிலேயே வரிசைமுறை தெரிந்தது: முதலில் தீ, ‘உடன்’ என்ற குறிப்புடன் அறிவு, தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். அதே ஆண்டு ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழின் அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இடம்பெற்றனர், அறிவு இல்லை. வரிகளை எழுதியவரும் பாடியவருமான அறிவு மீண்டும் காணாமலாக்கப்பட்டார் என இயக்குநர் பா. இரஞ்சித் கண்டித்த பின், அறிவைக் கொண்ட தனி மின்னட்டையை அவ்விதழ் வெளியிட்டது. 2022இல் சென்னையில் நடந்த சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அறிவு இன்றி அப்பாடல் நிகழ்த்தப்பட்டது. பாடலை இயற்றியதும் எழுதியதும் பாடியதும் தாமே என்று அறிவு பொதுவெளியில் எழுதினார். அது கூட்டுப் படைப்பு என்று சந்தோஷ் நாராயணனும், அறிவுக்குரிய பெருமையை எப்போதும் சொல்லியே வந்திருப்பதாகத் தீயும் விளக்கமளித்தனர். 2024 மார்ச்சில், அப்பாடலிலிருந்து தங்களுக்கு வந்த வருவாய் சுழியமே என்று சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகக் கூறினார்.

மெட்டு யாருடையது என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலையன்று. ஒவ்வொருவரின் பங்கும் வெளியீட்டுக்கு முன்பே எழுத்தில் பிரித்துக் குறிக்கப்பட்டு, மூவரும் ஒப்பமிட்ட ஆவணம் மக்கள் முன் இருந்திருந்தால், இவ்வாதத்தின் பெரும்பகுதி எழுந்திராது. புகழும் ஊடக வெளிச்சமும் பெற்ற ஒரு தலித் கலைஞருக்கே இந்நிலை என்றால், திருநள்ளாற்றுச் சாலையில் சாவு ஊர்வலத்தில் அடிப்பவரின் நிலையை விளக்க வேண்டியதில்லை.

2017இல் உருவாகி, 2018 ஜனவரியில் சென்னையில் அரங்கேறிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ வேறொரு வழியைக் காட்டியது. கானா, ராப், ராக், பறை என்று பிரிந்து கிடந்தவர்கள் ஒரே மேடையில், ஒரே குழுவின் உறுப்பினர்களாக நின்றனர். அங்கே பறை அடிப்பவர் பெயரற்ற துணை ஒலியாக நிறுத்தப்படவில்லை. 2025இல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. பறை அடிப்பவர் தனிப்பெயர் கொண்ட கலைஞர் என்பதை அரசும் ஏற்றுவிட்டது. இசைத்துறை ஏற்கத் தயங்குவதற்கு இனிக் காரணமில்லை.

இன்றைய சட்டமும் அதன் ஓட்டைகளும்

2012ஆம் ஆண்டுத் திருத்தம் பல கதவுகளைத் திறந்தது. பிரிவு 38ஏ, ஒருவரின் நிகழ்ச்சியைப் பதிவுசெய்யும் உரிமையை அவருக்கே அளிக்கிறது. தனிப்பட்ட பயன்பாடு, கற்பித்தல், ஆய்வு, செய்தி அறிக்கை போன்ற விலக்குகள் நீங்கலாக, அவர் இசைவின்றிப் பதிவுசெய்து வெளியிடுவது மீறல். பிரிவு 38பி, நிகழ்த்துநராகத் தம்மை அடையாளம் காட்டக் கோரும் உரிமையை அளிக்கிறது. பிற உரிமைகளை எழுதிக் கொடுத்துவிட்டாலும் இது போகாது. கவிஞரும் இசையமைப்பாளரும் தமக்குரிய சமபங்கு உரிமத்தொகையைக் கைவிடுவதாக எழுதித்தந்தாலும் அது செல்லாது.

ஓட்டைகள் இரண்டு. முதலாவது, ‘நிகழ்த்துநர்’ என்பதன் வரையறையான பிரிவு 2(கியூகியூ)இன் காப்புரை. திரைப்படத்தில் தற்செயலாகவோ துணையாகவோ இடம்பெற்று, தொழில்துறை வழக்கப்படி பெயர்ப்பட்டியல் உட்பட எங்கும் குறிப்பிடப்படாதவர், நிகழ்ச்சியைச் சிதைப்பதற்கு எதிரான உரிமை ஒன்றைத் தவிர வேறெதற்கும் நிகழ்த்துநராகக் கருதப்படமாட்டார். சாவுக் காட்சியில் ஒரு நிமிடம் தப்பு அடித்த குழுவின் பெயரை விட்டுவிடுவதே வழக்கம் என்று தயாரிப்பாளர் வாதிடலாம். யாருடைய பெயரை விடுவது வழக்கம் என்பதைச் சாதி தீர்மானித்துவந்த சமூகத்தில், அவ்வழக்கத்தையே சட்ட அளவுகோலாக வைப்பது தீண்டாமையின் பழைய கணக்கைப் புதிய ஏட்டில் எழுதுவதாகும்.

இரண்டாவது, பிரிவு 52ஏ. வெளியாகும் ஒலிப்பதிவில் கட்டாயம் காட்ட வேண்டியவை மூன்றே: பதிவை உருவாக்கியவரின் பெயரும் முகவரியும், பதிப்புரிமையாளரின் பெயரும் முகவரியும், முதல் வெளியீட்டு ஆண்டு. மீறினால் பிரிவு 68ஏயின்கீழ் மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. முதலீட்டாளரின் முகவரியை விட்டால் குற்றம். பாடியவரின் பெயரை விட்டால் குற்றமில்லை.

கலைஞர்களும் மாணவர்களும் செய்ய வேண்டியவை

1. பதிவு நடக்கும் நாளிலேயே ஒரு தாளில் நாள், இடம், பாடியோர், ஒவ்வொரு வாத்தியத்தையும் வாசித்தோர், வரிகளையும் அடிமுறைகளையும் தந்தோர், பதிவாளர் ஆகிய விவரங்களை எழுதி அனைவரும் ஒப்பமிட வேண்டும். அதன் ஒளிப்படத்தை ஒவ்வொருவரும் வைத்துக்கொள்ள வேண்டும்.

2. ‘மரபுப் பாடல்’ என்று எழுத நேர்ந்தால், யாரிடமிருந்து, எந்த ஊரில் பெறப்பட்டது என்பதையும் சேர்த்தெழுத வேண்டும்.

3. பெயரை எவ்வாறு குறிப்பது என்பதைக் கலைஞரே முடிவுசெய்ய வேண்டும். தப்பு அடிப்பவர் என்ற அடையாளம் தம் பிள்ளைகளுக்குப் பள்ளியில் சாதி முத்திரையாகும் என அஞ்சி, புனைபெயரோ குழுப்பெயரோ போதும் என்பவர்கள் உண்டு. அடிமைத் தொழிலாகச் சுமத்தப்பட்ட பறையை மறுத்துப் போராடிய வரலாறு நமக்குண்டு. அந்த அச்சத்தை மதிக்க வேண்டும்.

4. உரிமை மாற்றம் எழுத்தில், ஒப்பத்துடன் மட்டுமே செல்லும். காலம் குறிக்கப்படாவிடில் 5 ஆண்டுகள் என்றும், எல்லை குறிக்கப்படாவிடில் இந்தியா மட்டும் என்றும் கொள்ளப்படும். வெற்றுத்தாளில் கைநாட்டு வைக்கக் கூடாது.

5. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் 1969இல் தொடங்கிய ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பில் உறுப்பினராகலாம். பாடகர்களுக்கென 2013இல் தனிச் சங்கம் உருவாக்கப்பட்டது.

6. பெயர் விடுபட்டால் முதலில் எழுத்துவழி அறிவிப்பு அனுப்ப வேண்டும். வழக்கிட வேண்டியிருப்பின், பிரிவு 62இன்படி கலைஞர் தாம் வசிக்கும் பகுதிக்குரிய மாவட்ட அளவிலான நீதிமன்றத்தையே அணுகலாம். நிறுவனம் இருக்கும் மும்பைக்கோ சென்னைக்கோ செல்ல வேண்டியதில்லை. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம், பிரிவு 12இன்கீழ், வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு.

நம் கோரிக்கைகள்

பிரிவு 52ஏயில் பாடியவர், வாசித்தவர், எழுதியவர், இசையமைத்தவர் பெயர்களும் கட்டாயமாக்கப்பட வேண்டும். ‘தொழில்துறை வழக்கம்’ என்ற அளவுகோல் பிரிவு 2(கியூகியூ)இலிருந்து நீக்கப்பட வேண்டும். புதுச்சேரி அரசின் கலை பண்பாட்டுத் துறையும் காரைக்கால் வானொலி நிலையமும் தம்மிடமுள்ள நாட்டார் இசைப் பதிவுகளின் கலைஞர் பெயர்களைத் தொகுத்து வெளியிட வேண்டும்.

சட்டத் திருத்தம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத பணியும் ஒன்றுண்டு. காரைக்கால் கல்லூரிகளின் மாணவர்கள் தத்தம் ஊர்களில் முதிய தப்புக் கலைஞர்களையும் ஒப்பாரிப் பாடகிகளையும் கண்டு, முன்பு வெளியான பதிவுகளில் ஒலிப்பது யாருடைய கை, யாருடைய குரல் என்று கேட்டெழுதலாம். இணையத்தில் உள்ள காணொளிகளின் அடிக்குறிப்பில் பெயர் சேர்க்குமாறு பதிவேற்றியவர்களைக் கேட்கலாம். அடித்தவர்களும் பாடியவர்களும் இருக்கும்போதே இது நடக்க வேண்டும். அவர்கள் சொல்லாமற் போனால், அந்தப் பதிவுகளுக்கு வேறு சாட்சி இல்லை.