மூன்று நிமிடத்தில் அடங்காத வில்லு

1927-ல் அமெரிக்காவின் பிரிஸ்டல் நகரில் ரால்ஃப் பியர் என்பவர் மலையோர மக்களின் பாட்டுகளை இசைத்தட்டில் பதிவு செய்தார். 'கன்ட்ரி' இசை அங்கேதான் பிறந்தது என்பார்கள். பாட்டோ அதற்கு வெகுகாலம் முந்தியது.

அந்தத் தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 3 நிமிடம்தான். நம்ம ஊர்க் கொடையில் வில்லுப்பாட்டு விடிய விடிய நடக்கும். காப்புப் பாடி முடிக்கவே 3 நிமிடம் போதாதே! கதை முறுகும்போது சாமியாடிக்கு அருள் வரும். குடமும் உடுக்கும் அவருக்காக வேகம் பிடிக்கும். அதை எந்த ஸ்டுடியோவில் பதிவது? ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1970-களில் இங்கேயே வந்து கோயில் முற்றத்தில் கேட்டுப் பதிந்து, 1988-ல் நூலாக்கினார்.

அதற்கு முன் கதையைக் காத்தவை புலவர்களின் ஏடும் நோட்டும். உங்கள் வீட்டுப் பரணில் அப்படியொரு நோட்டு கிடந்தால், பழைய பேப்பர்காரரிடம் போடாமல் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க மக்களே.