கார்டைட் (அருவங்காடு)

கார்டைட் புகை அதிகம் கக்காத உந்துமருந்து. 1889-இல் இங்கிலாந்தில் பிரெடரிக் ஏபெல், ஜேம்ஸ் திவார் இருவரும் உருவாக்கினர். இந்தியாவில் இதைத் தயாரிக்க, நீலகிரியில் குன்னூரை அடுத்த அருவங்காட்டில் 1903-04 வாக்கில் தொழிற்சாலை எழுந்தது. அதற்கு மின்சாரம் காட்டேரி அருவியிலிருந்து வந்தது. வாயு விதிகளும் வேதிவினைக்கூறு விகிதமும் ஒரே பொருளில் கைகோப்பதைக் காட்ட, தமிழ்நாட்டில் இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

வாயுவின் அழுத்தமும் கன அளவும் எதிர்விகிதத்தில் மாறுவதை 1662-இல் பாயில் வெளியிட்டார். வாயுக்கள் கன அளவில் எளிய முழு எண் விகிதங்களில் வினைபுரிவதைக் கே-லுசாக் 1808-இல் காட்டினார். அதற்கான காரணத்தை அவகாட்ரோ 1811-இல் சொன்னார். 1834-இல் கிளாபேரான் தனித்தனி விதிகளை ஒரே சமன்பாட்டில் இணைத்தார்.

இந்தச் சமன்பாடு பீரங்கிக்குள் போதவில்லை. கார்டைட்டுக்கு முன்பே ஏபெல், ஆண்ட்ரூ நோபிளுடன் சேர்ந்து, மூடிய எஃகுக் கலத்தில் வெடிமருந்தை எரித்து அழுத்தத்தை அளந்தார். முடிவுகள் 1875-இல் வெளியாயின. அவ்வளவு நெருக்கத்தில் மூலக்கூறுகள் அடைத்துக்கொள்ளும் இடத்தையும் மொத்தக் கன அளவிலிருந்து கழித்தாக வேண்டும். நோபிள்-ஏபெல் சமன்பாடு செய்வது அதைத்தான். துப்பாக்கிக் குழலின் உள்ளே நடப்பதைக் கணக்கிட இன்றும் அது பயன்படுகிறது.

கார்டைட்டின் ஓர் அங்கமான நைட்ரோகிளிசரினை மட்டும் எடுத்துக்கொள்வோம். அதன் 4 மோல் சிதைந்தால் 12 மோல் கார்பன் டை ஆக்சைடு, 10 மோல் நீராவி, 6 மோல் நைட்ரஜன், 1 மோல் ஆக்சிஜன் கிடைக்கும். மொத்தம் 29 மோல் வாயு. அந்த 4 மோலின் எடையான 908 கிராம் திரவம் திட்ட வெப்ப அழுத்த நிலைக்குக் கணக்கிட்டால் சுமார் 650 லிட்டர் வாயுவாகிறது. அதாவது, ஒரு மில்லிலிட்டருக்கும் குறைவான இடத்தில் அடங்கும் ஒரு கிராமிலிருந்து ஏறத்தாழ 715 மில்லிலிட்டர். எரியும் வெப்பநிலையோ ஆயிரக்கணக்கான டிகிரி. விரிய இடமில்லாத குழலில் அத்தனையும் அழுத்தமாகி குண்டைத் தள்ளுகிறது.

மேலே மிஞ்சிய அந்த 1 மோல் ஆக்சிஜன் முக்கியமானது. கார்டைட்டின் இன்னோர் அங்கமான வெடிபஞ்சுக்கு ஆக்சிஜன் பற்றாது. ஒன்றின் மிச்சம் மற்றதன் குறையில் ஒரு பங்கை ஈடுசெய்கிறது. முதல் வகையில் நைட்ரோகிளிசரின் 58, வெடிபஞ்சு 37, வாசலின் 5 விழுக்காடு. அதன் கடும் வெப்பம் குழல்களை அரித்தது. 1901-இல் நைட்ரோகிளிசரினை 30 ஆகக் குறைத்து வெடிபஞ்சை 65 ஆக்கினர். கார்பனில் பெரும்பங்கு டை ஆக்சைடாகாமல் மோனாக்சைடாகவே நின்றது. ஒரு கார்பன் அணுவுக்கு ஒரு வாயு மூலக்கூறு என்பது இரண்டிலும் ஒன்றே. ஆனால் மோனாக்சைடு உருவாகும்போது வெளிப்படும் வெப்பம் குறைவு. விகிதத்தை மாற்றியே குழலின் ஆயுளை நீட்டித்தது இந்த வரலாற்றின் மிக அழகான இடம்.

தயாரிப்பில் இந்தக் கலவையை அசிட்டோன் விட்டுப் பிசைந்து, துளையிட்ட அச்சில் இடியாப்பம் போல் பிழிந்து, அசிட்டோன் ஆவியாகும்வரை உலர்த்துவார்கள். இழையின் தடிமன்தான் எரியும் நேரத்தைத் தீர்மானிக்கும்: மெல்லியது துப்பாக்கிக்கு, தடித்தது பீரங்கிக்கு.

அருவங்காடு ஆலை 2021 அக்டோபர் 1 முதல் மத்திய அரசின் மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது.