ஒட்டுத் தெரியாத நிழற்படம்

வரலாற்றாய்வில் நிழற்படத்தைச் சான்றாகக் கொள்ளும் நமக்கு, விவான் சுந்தரம் (1943-2023) படைத்த 'ரீ-டேக் ஆஃப் அம்ரிதா' என்னும் தொகுதி சில ஐயங்களை எழுப்புகிறது. 2001, 2002ஆம் ஆண்டுகளில் உருவான இதில், தம் தாய்வழிப் பாட்டனார் உம்ராவ் சிங் ஷெர்கில் எடுத்த குடும்பப் படங்களையும் பெரியன்னை அம்ரிதா ஷெர்கிலின் ஓவியங்களையும் அவர் கணினிவழி இணைத்தார். வெவ்வேறு ஆண்டுகளில் பதிவான உருவங்கள் ஒரே சட்டகத்துள் அருகருகே தோன்றுகின்றன.

நிழற்படத்தின்மீது வண்ணம் தீட்டும் வழக்கம் இந்தியாவில் 19ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. எனினும் அங்குத் தூரிகையின் தடம் கண்ணுக்குப் புலனாகும்; இங்கோ ஒட்டுத் தெரிவதில்லை. பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில் அமைந்தமையால் பழம்படம் என்றே நம்பத் தோன்றுகிறது.

அம்ரிதா 1941இல் லாகூரில் தம் 28 வயதில் மறைந்தார். விவான் பிறந்தது அதற்குப் பின்னரே. நேரில் காணாத பெரியன்னையின் படங்களை அவர் கலைத்து அடுக்கியதை நாம் மோசடி எனக் கருதவில்லை. (உம்ராவ் சிங்கும் தம்மையும் மகளிரையும் திட்டமிட்டு நிறுத்திப் படமெடுத்தவரே.) மறுஆக்கம் என்பதைத் தலைப்பே அறிவித்துவிடுகிறது. ஆயினும், தலைப்பும் ஆண்டும் நீங்கிய நிலையில் ஒரு படம் மட்டும் பாடநூலில் இடம்பெறுமாயின், நிகழாத தருணமொன்று மாணவர்க்குச் சான்றாகிவிடும்.