தொப்பி சொல்லும் காலம்

என் மாணவி ஒருத்தி பழைய தோட்டப் புகைப்படமொன்றைக் கொண்டுவந்தாள். நாற்காலியில் துரையும் துரைசானியும்; பின்னால் நம்மவர்கள். “ஐயா, இதில் என் கொள்ளுப்பாட்டி இருக்கிறாராம். இது எந்தக் காலம்?” என்று கேட்டாள்.

டான் சே யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டது 1896இல். ஆகவே படம் அதற்குப் பிந்தியது. அடுத்து, துரைசானியின் தொப்பியைப் பார்த்தோம்.

1914க்கு முன்னர் தொப்பியின் விளிம்பு அகன்றிருக்கும்; உயர்த்திக் கட்டிய கொண்டைமேல் அமரும். 1920களில் மேனாட்டுப் பெண்கள் கூந்தலைக் குட்டையாக வெட்டினர். கம்பளி இழையை ஆவியில் இறுக்கிச் செய்த ஃபெல்ட் தொப்பி, கவிழ்த்த மணிபோலப் புருவம்வரை இறங்கியது. 1930களில் அது சிறுத்து ஒருபுறம் சாய்ந்தது.

படத்தில் இருந்தது மணித் தொப்பி. பழைய தொப்பியைப் பின்னாளிலும் அணியலாம். எனவே 1920களுக்கு முந்தியதன்று என்று மட்டுமே துணியலாம்.

பின்வரிசைப் பெண்களின் தலைத்துணியோ ஆண்டைக் காட்டவில்லை. அவர்களை அறிய முதியோரின் நினைவே துணை. இன்றே அவர்களிடம் படத்தைக் காட்டுங்கள்; சொல்லும் பெயர்களைப் பின்புறம் எழுதிவையுங்கள்.